ஊராட்சி வார்டு தேர்தல்: ஊருக்குத் தொந்தரவில்லாமல் ஓட்டுக் கேட்பது எப்படி?

புங்கமரத்தடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம்ங்க. எங்க அண்ணி அடுத்த ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்கிறார். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. 240 வீடு, 600 ஓட்டுக்குக் கொஞ்சம் மேலே. மூன்று தெரு, ஒரு ஆதிதிராவிடர் குடியிருப்பு, அப்புறம் ஊருக்கு வெளியே சிதறிக் கிடக்கிற தோட்டத்துச் சாளைகள் (காட்டுக்குள்ளேயே கட்டிக் குடியிருக்கிற வீடுகள்). ஊரில் பாதிப் பேர் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் மாடு, காடு, நூறு நாள் வேலை.

ஜெயிக்கிறோமோ தோற்கிறோமோ, மறுநாள் அதே பால் சொசைட்டியில்தான் எல்லார் முகத்திலும் விழிக்கணும். அதனால் யாருக்கும் எரிச்சல் வராமல் ஓட்டுக் கேட்கணும் என்பது அண்ணியின் கண்டிப்பு. எந்த நேரத்தில் வீட்டுக்குப் போகலாம், மைக் ஆட்டோ தேவையா, எத்தனை நோட்டீஸ் அடிக்கலாம், ஆரத்தித் தட்டோடு நின்றால் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் நடைமுறையாகச் சொல்லுங்க.

---

வாய்க்கால்மேடு

முதலில் நாள்கணக்கு. மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் இரண்டும் கட்சி சார்பற்ற தேர்தல். சின்னம் கைக்கு வருவது வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான். தமிழ்நாட்டில் 2019-இல் மனுத்தாக்கல் டிசம்பர் 9 முதல் 16 வரை, பரிசீலனை 17, வாபஸ் 19. முதல் கட்ட வாக்குப்பதிவு 27. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரத்தை நிறுத்த வேண்டும், அதாவது 25-ஆம் தேதி மாலை 5 மணியோடு சரி. சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கிடைத்தது ஆறே நாள். 2021-இல் விடுபட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு நடந்தபோது வாபஸ் செப்டம்பர் 25, வாக்குப்பதிவு அக்டோபர் 6, 9. இடைவெளி கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

பெரும்பாலான தொந்தரவு இந்த அவசரத்தில்தான் பிறக்கிறது. ஆறு நாளில் ஊரையே அலசிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் காலை 6 மணிக்குக் கதவைத் தட்டுவது, ராத்திரி 9:30-க்கு நாற்பது பேரோடு சந்துக்குள் நுழைவது, ஒரே வீட்டுக்கு நான்கு முறை போவது. ஆனால் உங்கள் வார்டுக்கு அந்த அவசரமே தேவையில்லை. வீட்டுக்கு சராசரி 3 நிமிடம் வைத்தால் 240 வீட்டுக்கு 720 நிமிடம், 12 மணி நேரம். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் நடந்தால் மூன்று நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இரண்டு சுற்றுப் போதும். முதல் சுற்று மனுத்தாக்கல் செய்ததற்கும் சின்னம் வருவதற்கும் இடையில். கையில் எதுவும் வேண்டாம். "நான் நிற்கிறேன், இந்தத் தெருவில் என்ன குறை இருக்கிறது?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது. இரண்டாவது சுற்று சின்னத்தோடு. அதில் முதல் சுற்றில் அவர்கள் சொன்ன குறையைப் பற்றி ஒரு வரி திரும்பப் பேச வேண்டும். மூன்றாவது சுற்றுக்குப் போனால் ஓட்டுக் கூடாது, சலிப்புதான் கூடும்.

---

தெருமுனை

நேரத்தைப் பற்றி. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் உங்கள் ஊர் மாதிரி பால், கம்பெனி, நூறு நாள் வேலை மூன்றும் கலந்த ஊரில் இப்படித்தான் இருக்கும்.

காலை 5:30 முதல் 7:30 வரை எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. பால் கறவை, சமையல், கம்பெனி வண்டி, பள்ளிக்கூட வேன். அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் வேட்பாளருக்குப் பதில் சொல்ல ஒரு பெண் அடுப்பை விட்டு வர வேண்டியிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் 9 மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். வேலை நடக்கும் இடத்துக்கே போய் ஓட்டுக் கேட்டால் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் அது அரசுத் திட்டப் பணியிடம், பணித்தளப் பொறுப்பாளருக்குத்தான் தலைவலி. அதைத் தொடவே வேண்டாம்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குக் காலை 10 முதல் 12 நல்ல நேரம். அவர்களுக்குப் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி, உங்களுக்கும் அவசரமில்லை. மதியம் 1 முதல் 4 வரை ஓய்வு. நைட் ஷிப்டு முடித்து வந்தவர்கள் பகலில்தான் தூங்குவார்கள், அந்த வீடுகளை முதல் சுற்றிலேயே நோட்டில் குறித்துக்கொண்டு மாலையில் மட்டும் போங்கள். கறவை முடிந்து மாலை 5:30 முதல் 7:30 வரைதான் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான நேரம். 8 மணிக்கு மேல் தட்டக் கூடாது. தோட்டத்துச் சாளைகளுக்கு இருட்டுவதற்கு முன்பே போய்விட வேண்டும்: நாய் இருக்கும், தனியாக வயதானவர்கள் இருப்பார்கள், இருட்டில் நான்கு பேர் வருவதைப் பார்த்தால் பயந்துவிடுவார்கள். வாகனத்தைத் தடத்தில் நிறுத்திவிட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்து போங்கள்.

எத்தனை பேர் போவது என்பதும் முக்கியம். வேட்பாளரோடு மூன்று பேர், அதிகபட்சம் நான்கு. அதில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்கள் கூட்டமாகப் போய் நிற்பது எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் அந்த வீட்டுக்குச் சங்கடம்தான். ஆண்கள் தெருவிலேயே நிற்கட்டும், வாசல்படி வரை உங்கள் அண்ணியும் இன்னொரு பெண்ணும் போனால் போதும்.

துக்க வீடு என்றால் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை ஓட்டைப் பற்றி ஒரு சொல் கூடாது. துக்கம் கேட்கப் போவது வேறு, போனால் நோட்டீஸ் இல்லாமல், கூட்டம் இல்லாமல் போய்விட்டு வர வேண்டும். டிசம்பரில் தேர்தல் வந்தால் அரையாண்டுத் தேர்வு, மார்ச் என்றால் பிளஸ் டூ. படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டு முன்னால் பேச்சை வளர்க்காதீர்கள்.

சொந்தக்காரர் வீட்டில் "உள்ளே வந்து காபி குடிச்சுட்டுப் போங்க" என்பார்கள். முதல் வீட்டில் உட்கார்ந்தால் பத்தாவது வீட்டிலும் உட்கார வேண்டும். "ரெண்டாவது சுற்றில் வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு, யார் வீட்டிலும் உட்காராமல் நகர்வதே எல்லாருக்கும் சமமான மரியாதை. ஒரே விதிவிலக்கு, அதைக் கீழே வேறு யாராவது விரிவாக எழுதினால் நல்லது: ஆதிதிராவிடர் குடியிருப்பு.

---

ஏர்முனை

அதை நான் எழுதுகிறேன்.

கிராமத்தில் வேட்பாளர் எந்தத் தெருவில் தொடங்குகிறார், எதில் முடிக்கிறார் என்பதை எல்லாரும் கவனிப்பார்கள். வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஊர்த் தெருக்களை இரண்டு மாலைகள் நிதானமாக நடந்து முடித்துவிட்டு, ஆதிதிராவிடர் குடியிருப்புக்குக் கடைசி நாள் ராத்திரி வண்டியில் வந்து, முகப்பிலேயே நின்று மைக்கில் கும்பிட்டுவிட்டுப் போவது. இல்லையென்றால் அங்கிருக்கும் ஒருவரிடம் "உங்க ஆளுங்க ஓட்டையெல்லாம் நீ பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு வராமலே இருப்பது. ஒரு குடியிருப்பின் ஓட்டை மொத்தமாக ஒருவரிடம் பேசுவது அங்கே இருக்கும் ஒவ்வொருவரையும் அவமதிப்பது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

வீடு வீடாகப் போங்கள், அதே 3 நிமிடம், அதே மாலை 6 மணி. முதல் சுற்றை அங்கே தொடங்குங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், உட்காரச் சொன்னால் உட்காருங்கள். மற்றத் தெருக்களில் உட்காராமல் நகர்வது பொதுவான நாகரிகம். இங்கே மட்டும் அதே செயலுக்கு வேறு பொருள் வந்துவிடும், காரணம் எல்லாருக்கும் தெரியும். வயதில் பெரியவரை ஒருமையில் கூப்பிடும் பழக்கம் உங்களோடு வருகிறவர்களில் யாருக்காவது இருந்தால் அவரை அழைத்து வராதீர்கள். 'காலனி' என்று சொல்லாதீர்கள், 2025-இல் அரசே அந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்துவிட்டது. தெருவுக்கு ஒரு பெயர் இருக்கும், அதைச் சொல்லுங்கள்.

அங்கே கேட்கும் குறைகள் பெரும்பாலும் சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாயில் அழுத்தம் இல்லாதது. மூன்றும் ஊராட்சி அதிகாரத்துக்குள் வருபவை. நோட்டில் விளக்குக் கம்பத்தின் எண்ணோடு குறித்துக்கொண்டு வாருங்கள்.

---

கரிசல்காடு

எல்லாம் சரி. ஆனால் ஒரு மைக் ஆட்டோகூட இல்லாமல், நாலு வெடி போடாமல் நடந்தே போனால் "இவங்க சும்மா நிக்கிறாங்க" என்று ஊர் நினைத்துவிடாதா? எதிர்த்தரப்பு சத்தமாக வந்தால் நாம் அடக்கமாக இருப்பது பலவீனமாகத் தெரியும். இதை யாரும் சொல்லவில்லையே.

---

ஒலிவாங்கி

நியாயமான கேள்வி. மைக் செட் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

600 ஓட்டு வார்டுக்கு மைக் ஆட்டோ எந்தத் தகவலையும் கொண்டுபோகாது. ஆட்டோ மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் ஒரு வீட்டின் முன்னால் இருப்பது மூன்று நான்கு நொடி. அதில் பெயரும் சின்னமும்கூட முழுதாகக் காதில் விழாது, இரைச்சல் மட்டும் விழும். அதே ஆட்டோ ஒரே சந்தில் ஒரு நாளைக்கு எட்டு முறை சுற்றினால் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் சின்னத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும், வேறு காரணத்துக்காக.

அதோடு செலவு. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கான உச்சவரம்பு கடந்த தேர்தல்களில் 9,000 ரூபாய்தான். ஊராட்சித் தலைவருக்கு 34,000, ஒன்றிய வார்டுக்கு 85,000, மாவட்ட வார்டுக்கு 1,70,000. ஆட்டோ வாடகை, டீசல், ஆம்பிளிபயர், டிரைவர் சம்பளம், சாப்பாடு எல்லாம் அந்த 9,000-க்குள் வர வேண்டும். ஆட்டோவை மூன்று நாள் ஓட்டினால் நோட்டீசுக்கு ஒன்றும் மிஞ்சாது. அடுத்த தேர்தலுக்கு வரம்பு மாறினாலும் மாறும், அறிவிப்பு வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் வேண்டும் என்றால் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சுற்று, சின்னம் கிடைத்த மறுநாள் மாலை. காவல் துறை அனுமதி வாங்க வேண்டும், வாகனத்துக்குத் தேர்தல் அலுவலரின் அனுமதிச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பாக்ஸ் ஸ்பீக்கர் போதும். கூம்பிலிருந்து வரும் ஒலி ஒரே திசையில் குத்தும், சந்தில் சுவரில் மோதித் திரும்பி வார்த்தை குழம்பிவிடும். பாக்ஸ் ஒன்றை வண்டியின் பின்பக்கம் சற்றுக் கீழ்நோக்கி வைத்தால் பாதிச் சத்தத்திலேயே பேச்சு தெளிவாக இருக்கும். ஆம்பிளிபயரில் பாஸைக் குறைத்துவிடுங்கள், பேச்சுக்கு அது தேவையே இல்லை, சன்னல் அதிர்வதுதான் மிச்சம்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இவை சட்டத்தின் எல்லை. ஊரில் வாழ்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் முன்பே, இரவு 7:30-க்கே நிறுத்திவிடுவது அழகு. சாவு விழுந்த தெரு, கோயில் பூஜை நேரம், தொழுகை நேரம், இந்த மூன்றிலும் மைக்கை அணைத்துவிட்டு வண்டி கடந்து போக வேண்டும். குறைப்பது போதாது, அணைக்க வேண்டும்.

வெடி பற்றி. வயதானவர், குழந்தை, கட்டிப் போட்ட மாடு, சினை எருமை, எல்லாம் இருக்கிற ஊர் அது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டைப் பிடித்துக் கட்டுகிறவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று யோசியுங்கள். ஓலைக் கூரையும் வைக்கோல் போரும் இருக்கும் சந்தில் வெடி என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

பலவீனமாகத் தெரியுமா என்றால், மூன்றாம் நாளில் ஊருக்குத் தெரிந்துவிடும் யார் வீட்டுக்கு வந்தார்கள், யார் தெருவோடு போனார்கள் என்று.

---

கரிசல்காடு

வெடியை விட்டுவிடுகிறேன். ஆட்டோ ஒரு நாள் வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்கு யார் யார் நிற்கிறார்கள் என்பதே தெரியாமல் போவதுண்டு.

---

ஒலிவாங்கி

அதற்குத்தான் அந்த ஒரு சுற்று. சாளைப் பக்கம் வண்டியை ஒவ்வொரு தடம் பிரியும் இடத்திலும் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, 30 நொடி நிதானமாக வேட்பாளர் குரலிலேயே பெயர், சின்னம், எந்த நாளில் நேரில் வருகிறோம் என்பதைச் சொல்லிவிட்டு நகரச் சொல்லுங்கள். ஓடும் வண்டியில் பேசுவதைவிட நின்று பேசுவது நாலு மடங்கு புரியும். பதிவு செய்த பாட்டு வேண்டாம்.

---

அச்சுக்கோப்பு

நோட்டீஸ். அச்சகத்தில் ஆயிரத்துக்குக் குறைந்து அடித்தால் கட்டுபடியாகாது என்பார்கள். ஆயிரம் அடித்தால் 240 வீட்டுக்குக் கொடுத்தது போக 700-க்கு மேல் மிஞ்சி, பையன்கள் கையில் போய், கடைசியில் சாக்கடையில் கிடக்கும். அண்ணியின் முகம் பதித்த தாள் சாக்கடையில் கிடப்பதை அடுத்த ஒரு மாதம் ஊர் பார்க்கும். டிஜிட்டல் பிரிண்டிலோ ஜெராக்ஸிலோ 300 எடுங்கள். கறுப்பு வெள்ளையே போதும், அதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு.

வாக்குச்சீட்டில் சின்னம் கறுப்புக் கோட்டோவியமாக இருக்கும். நோட்டீசில் கத்தரிக்காயை ஊதா நிறத்தில் பளபளவென்று போட்டோவாகப் போட்டால், எழுத்துக் கூட்டிப் படிக்காத பாட்டி வாக்குச்சீட்டில் அந்த ஊதாவைத் தேடுவார். பூட்டு சாவி என்றால் பூட்டு எந்தப் பக்கம், சாவி எந்தப் பக்கம் என்பது உட்படத் தேர்தல் அலுவலகத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பட்டியலில் உள்ளபடியே போடுங்கள். அதை நேராக மொபைலில் படமெடுத்து அச்சகத்துக்குக் கொடுத்துவிடலாம், இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம். சின்னம் தாளின் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும்.

அளவு ஏ5, ஒரு பக்கம். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், முகவரி கீழே கட்டாயம். கட்சித் தலைவர் படம், கொடி நிறம் கூடாது, இது கட்சி சார்பற்ற தேர்தல். பெண் வேட்பாளர் நோட்டீசில் கணவர் படத்தைப் பெரிதாகவும் அவர் படத்தைச் சின்னதாகவும் போடுவது இன்னும் நடக்கிறது. அண்ணி படம் மட்டும் போடுங்கள். பொறுப்பேற்கப் போகிறவர் அவர், ஊர் அவரைத்தான் கேள்வி கேட்கப் போகிறது.

நோட்டீசைக் கையில் கொடுங்கள். பூட்டிய வீட்டில் கதவிடுக்கில் சொருகலாம். கோலத்தின் மேல் போடுவது, கேட்டில் பசை போட்டு ஒட்டுவது, மாட்டுத் தொழுவத்துத் தூணில் ஒட்டுவது கூடாது. காலால் மிதிபடும் இடத்தில் விழுந்தால் உடனே எடுங்கள்.

போஸ்டர் வேண்டாம் என்பேன். ஊராட்சிக் கட்டடம், பள்ளிச் சுவர், பாலம், மின்கம்பம் எதிலும் ஒட்டக் கூடாது. தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் எழுதி வாங்க வேண்டும். பங்காளிகள் இருவருக்குப் பொதுவான சுவர் என்றால் இருவரிடமும் வாங்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் தேர்தலால் அவர்கள் வீட்டில் சண்டை வரும். பிளக்ஸ் பேனர் அறவே கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்ததை இந்த மாநிலம் மறக்கவில்லை. பிளாஸ்டிக் கொடியும் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில் ஒன்று, துணித் தோரணம்கூட இந்த அளவு வார்டுக்கு அவசியமில்லை.

---

தெருமுனை

ஆரத்தியை யாரும் தொடவில்லை.

வரவேற்க ஆரத்தி எடுப்பது பழைய மரியாதை. அதில் ஐம்பது, நூறு போடுவது எப்போதோ ஓட்டுக்கான காசாக மாறிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ஆம் பிரிவில் ஓட்டுக்காகக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே குற்றவாளிகள். பறக்கும் படை வீடியோ எடுத்தால் மாட்டிக்கொள்வது தட்டேந்தி நிற்கும் அந்தப் பெண்ணும்தான். அவரை அந்த நிலையில் நிறுத்துவதுதான் பெரிய அநியாயம்.

தவிர்க்க ஒரே வழி, முன்கூட்டியே சொல்லிவைப்பது. முதல் சுற்றிலேயே ஒவ்வொரு தெருவிலும் முன்னின்று செய்யும் பெண்களிடம், "அக்கா, நான் தட்டுல காசு போட மாட்டேன், அதனால ஆரத்தி எடுக்க வேண்டாம், கும்பிட்டுக்கிட்டா போதும்" என்று அண்ணியே சொல்லிவிட வேண்டும். தட்டோடு நிற்பவரிடம் அந்த நேரத்தில் மறுத்தால் அவருக்கு அவமானம். மீறி எடுத்தால் குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு நகரலாம். கூட வருகிறவர்கள் யாரும் பின்னால் நின்று தட்டில் போடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை விழும். சால்வை, துண்டு, சேலை, குடம், கோயிலுக்கு நன்கொடை எல்லாம் இதே கணக்குத்தான். தேர்தல் காலத்தில் கோயில் கமிட்டி ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். எல்லா வேட்பாளரிடமும் போவார்கள். "தேர்தல் முடிஞ்ச பிறகு, வீட்டுக்கு இவ்வளவுன்னு எல்லாரும் கொடுக்கிற கோயில் வரி எவ்வளவோ அதைக் கொடுக்கிறோம்" என்று சொல்வதுதான் சரி.

---

புங்கமரத்தடி

இவ்வளவு விவரத்தை எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றிங்க. இன்னும் மூன்று கேள்வி. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா? எதிர்த்து நிற்கப் போகிறவர் எங்கள் பங்காளி வீட்டு மருமகள், அவர்களைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வது? அப்புறம் என்ன வாக்குறுதி கொடுக்கலாம்? கேட்டால் பட்டா, முதியோர் பென்ஷன் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

---

வாய்க்கால்மேடு

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன்.

பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை எதுவும் ஊராட்சி கொடுப்பதில்லை, எல்லாம் வருவாய்த் துறையும் வட்ட வழங்கலும். "வாங்கித் தருகிறேன்" என்று ஒரு விதவைப் பாட்டியிடம் சொல்லிவிட்டு ஐந்து வருடம் அவரை நடக்கவைப்பது, ஓட்டுக் கேட்பதிலேயே மிக மோசமான வகை. சத்தம், குப்பை எல்லாம் ஒரு வாரத்தில் போய்விடும், இது போகாது. "மனு எழுத உதவி செய்கிறேன், கூட வருகிறேன்" என்று சொல்லலாம், அது உண்மை.

வார்டு உறுப்பினர் உண்மையில் செய்யக் கூடியவை: குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, துப்புரவு, தெருச் சாலை, சுடுகாடு பற்றி ஊராட்சிக் கூட்டத்தில் பொருள் வைப்பது, தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிப்பது, வரவு செலவைக் கேட்பது. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் வாக்களிப்பதும் உண்டு. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் காசோலையில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதால் அந்த ஓட்டு சாதாரணமானதில்லை. கிராம சபை வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "ஒவ்வொரு கிராம சபைக்கும் ஒரு வாரம் முன்னால் நம்ம வார்டுக்கு வந்து குறை கேட்டு எழுதிட்டுப் போறேன்" என்று ஒரு வாக்குறுதி போதும். செலவே இல்லை, நிறைவேற்றவும் முடியும், நிறைவேற்றினாரா என்று ஊரும் பார்க்க முடியும்.

பங்காளி வீட்டு மருமகள் பற்றி. மனுத்தாக்கல் செய்யும் முன்பே அண்ணி நேரில் போய், "நானும் நிக்கிறேன், ரெண்டு பேரும் நின்னு பார்ப்போம், பேச்சுல மரியாதை குறையாது" என்று சொல்லிவிட்டு வருவது நல்லது. அடுத்தவர் வாயிலிருந்து கேள்விப்பட்டால்தான் பகை. வீடுகளில் கேட்டால், "அவங்களும் நல்லவங்கதான், நான் இதைச் செய்யலாம்னு இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். கூட வருகிறவர்கள்தான் பெரும்பாலும் வாயை விடுவார்கள். சொந்த வாழ்க்கை, நகைக் கடன், பிள்ளையின் கல்யாணம் என்று பேச்சு போனால் அங்கேயே அண்ணி நிறுத்த வேண்டும். யாருக்குப் போடுவீர்கள் என்று யாரையும் கேட்கக் கூடாது, கற்பூரம் அடித்துச் சத்தியம் கேட்பது அதைவிட மோசம்.

இன்னொன்று. இரண்டும் ஒரே வகையறா என்றால் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து "ஒருத்தர் விலகிக்கோங்க, கோயிலுக்கு இவ்வளவு கட்டுங்க" என்று ஆரம்பிக்கலாம். பதவியை ஏலம் விடுவது சட்டவிரோதம், 2019-இல் மாநிலத் தேர்தல் ஆணையமே எச்சரித்திருக்கிறது. சண்டை போடாமல், "ஓட்டுப் பெட்டி சொல்லட்டுங்க" என்று எழுந்து வந்துவிட வேண்டும்.

---

அச்சுக்கோப்பு

வாட்ஸ்அப்: ஊர்க் குரூப் என்றால் அட்மினிடம் முதலில் கேளுங்கள். எல்லா வேட்பாளருக்கும் ஒரே ஒரு பதிவு என்று அவர் விதி வைத்தால் எல்லாருக்கும் நிம்மதி. மகளிர் குழுவின் குரூப், பள்ளிப் பெற்றோர் குரூப், பால் சொசைட்டி குரூப் இவற்றில் போடாதீர்கள், அவை வேறு வேலைக்கு இருப்பவை. யாரையும் கேட்காமல் புதுக் குரூப்பில் சேர்க்காதீர்கள். பெண்களின் எண்களைக் குழுப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பிரச்சாரப் பையன்களிடம் கொடுப்பது பெரிய தவறு, அந்த எண்கள் அப்புறம் எங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. வீட்டில் நின்று பேசும் படத்தைப் போடுவதும் கூடாது. அந்த வீடு யார் பக்கம் என்று ஊருக்கு அறிவித்த மாதிரி ஆகிவிடும், அவர்கள் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

---

ஏர்முனை

வாக்குப்பதிவு நாளுக்குச் சில விவரங்கள்.

ஊரகத்தில் வாக்குச்சீட்டு, ஒரு வாக்காளருக்கு நான்கு. 2019-இல் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். நான்கிலும் தனித்தனியாக ஒரு முத்திரை குத்த வேண்டும் என்பது வயதானவர்களுக்குக் குழப்பம், செல்லாத ஓட்டு அதிகம் விழுவது இதனால்தான். இரண்டாவது சுற்றில் இதைச் சொல்லிக்கொடுப்பது எல்லாருக்கும் பயன்படும் உதவி: ஒரு சீட்டில் ஒரே ஒரு சின்னத்தின் மேல் ஒரே ஒரு முத்திரை, கைநாட்டு வைக்கக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது, மை அடுத்த சின்னத்தில் ஒட்டாதபடி முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும். மாதிரிச் சீட்டு செய்தால் அசல் நிறத்திலோ அளவிலோ செய்யாதீர்கள், மற்றவர்கள் சின்னத்தைப் போடாதீர்கள்.

பூத் சிலிப் கொடுப்பதாக இருந்தால் வெள்ளைத் தாளில் வாக்காளர் பெயர், வரிசை எண், வாக்குச்சாவடி மட்டும். வேட்பாளர் பெயரோ சின்னமோ இருக்கக் கூடாது. சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது, கும்பிட்டுக்கொண்டு நிற்பதும் கேட்பதுதான். வாக்காளர்களை உங்கள் வண்டியில் ஏற்றிப் போவது தடை. நடக்க முடியாதவர்கள் இருந்தால் சக்கர நாற்காலி சாவடியில் இருக்கிறதா என்று முதல் நாளே அலுவலரிடம் கேட்டு அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள், அவர்கள் யாருக்குப் போட்டாலும்.

---

தெருமுனை

எண்ணிக்கை அன்றைக்கு ஒன்று. ஒன்றிய மையத்தில் எண்ணி முடிய ராத்திரி ஆகும், சில ஊராட்சிகளுக்கு மறுநாள்கூட ஆகும். வார்டில் வித்தியாசம் ஐந்து, பத்து ஓட்டுத்தான் இருக்கும். சமமாக வந்தால் குலுக்கல். நடுராத்திரியில் ஜெயித்து வந்து தோற்றவர் வீட்டு முன்னால் வெடி போட்டதுதான் பல ஊர்களில் பத்து வருடப் பகைக்கு வித்து. ஜெயித்தால் ஊர்வலம் வேண்டாம். மறுநாள் காலை முதல் வேலையாகப் பங்காளி வீட்டுக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். தோற்றாலும் அதே. யார் போட்டது, யார் போடாதது என்று வாக்காளர் பட்டியலில் பேனாவால் டிக் அடித்துக் கணக்குப் பார்க்கும் வேலையை உங்கள் வீட்டில் யாரும் தொடங்க விடாதீர்கள்.

---

புங்கமரத்தடி

அண்ணி இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். வெடி இல்லை, ஆட்டோ சாளைப் பக்கம் மட்டும் ஒரு சுற்று. நோட்டீஸ் 300. கடைசியாக ஒன்று: செலவுக் கணக்கு தோற்றவரும் கொடுக்கணுமா?

---

ஒலிவாங்கி

கட்டாயம் கொடுக்கணும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் போட்டியிடத் தகுதி நீக்கம் வரலாம். மனுத்தாக்கல் நாளிலிருந்தே ஒரு தனி நோட்டில் தேதி வாரியாக எழுதுங்கள்: நோட்டீஸ், ஆட்டோ, டீசல், கூட நடந்தவர்களுக்கு வாங்கிய டீ, வடை வரைக்கும். ரசீது இல்லாத டீக்கடைக் கணக்குக்கு கடைக்காரரிடம் ஒரு துண்டுத் தாளில் கையெழுத்து வாங்கி ஒட்டிவிடுங்கள். டெபாசிட் 200 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 100. அதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.